வெர்லீன் எழுந்தால் ஆட்டம் முடிந்தது

அவித்த வேர்க்கடலையின் தோலைப் பல்லால் கீறிப் பருப்பை வாய்க்குள் தள்ளிவிட்டு, தோலை மழைக்கோட்டின் பைக்குள் போட்டுக்கொள்கிறாள் வெர்லீன். அவளுடைய இடது தோளுக்கு அப்பால் இருபத்திரண்டு தடியர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுகிறார்கள். தலைக்கவசங்கள் இடிபடும் சத்தம் காதைப் பிளக்கிறது. அரங்கமே எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்துகிறது. அவள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. மரப்பீப்பாயின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டு, மைதானத்தின் கோடியில் உயர்ந்து நிற்கும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த கடலைக்குக் கை தானாகப் போகிறது.

பீப்பாய் முழங்காலுக்குச் சற்றுமேல் உயரம், நல்ல அகலம். உள்ளே ஒரு பச்சை வாளி. வாளி நிறைய வெள்ளரிக்காய் ஊறிய உப்புநீர். அதில் வினிகர், பூண்டு, கடுகு, கொத்துக்கொத்தாகச் சதகுப்பைத் தழை. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணிப் பையன்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்த் தங்கள் கோச்சின் தலையில் கவிழ்க்க வேண்டும். மற்ற ஊர்களில் ஐஸ் தண்ணீரைக் கவிழ்ப்பார்கள். விக்கர்ஸ் ஃபெரி என்ற இந்த ஊரில் ஊறுகாய்த் தண்ணீர்தான். டிசம்பர் கடைசியில் இரண்டு கல்லூரிகளைக் கூப்பிட்டு இந்த அமெரிக்க ஃபுட்பால் போட்டியை நடத்துவதே டோல்பர்ட் ஊறுகாய்க் கம்பெனி. போட்டியின் பெயர் டோல்பர்ட் பிக்கிள் பவுல்; வருடக் கடைசியில் நடக்கும் இந்த மாதிரிப் போட்டிகளுக்குப் பவுல் என்று பெயர். அரங்கத்தின் பெயரும் டோல்பர்ட். ஆலை பக்கத்திலேயே இருப்பதால் மேற்குக் காற்று அடித்தால் வினிகர் வாடை மைதானம் முழுக்க இறங்கிவிடும். வெளியூர்ப் பையன்கள் வந்த அன்று மூக்கைச் சுளிப்பார்கள். ஊரைவிட்டுப் போகும்போது ஆளுக்கு ஒரு ஜாடி வாங்கிக்கொண்டு போவார்கள்.

வெர்லீனுக்கு அந்த ஆலையில்தான் வேலை, உப்புநீர்ப் பிரிவில். அறுபதைத் தாண்டிவிட்டாள். சின்ன மனுஷி, குரல் மட்டும் பெரியது. வினிகர் அவள் உடம்போடு ஊறிப்போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவளுக்குப் பின்வரிசையில் உட்காருகிறவர்களுக்குப் பிரசங்கம் முடிவதற்குள் பசி எடுத்துவிடும். ஓடி ஓடிக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட ஆட்டக்காரன் எவனாவது நொண்டிக்கொண்டு வந்தால், ஒரு சின்னக் காகிதக் கோப்பையில் உப்புநீரை ஊற்றி அவன் வாயருகே நீட்டுவாள். "மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரே மடக்கா குடி ராசா. கால் தானா வழிக்கு வரும்." மலை மாதிரி இருக்கும் பையன்கள் குழந்தை மாதிரி முகத்தைக் கோணிக்கொண்டு குடிப்பார்கள்.

மூடிமேல் உட்காரும் வழக்கம் எப்படி வந்தது என்றால், முதல் வருடம் யாரோ அவசரக்குடுக்கைகள் ஆட்டம் முடியுமுன்பே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, பாதி வழியில் வழுக்கி விழுந்து, தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதரின் கால்சட்டையில் கொட்டிவிட்டார்கள். அடுத்த வருடம் கம்பெனி முதலாளியம்மா வெர்லீனைக் கூப்பிட்டு, நீ இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்றார். பார்த்துக்கொள்வது என்றால் அதன்மேல் ஏறி உட்காருவது என்று வெர்லீன் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வருடா வருடம் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறாள்.

அவளை எழுப்ப முயன்றவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. ஒரு வருடம் டெக்சாஸ் பையன்கள் எதிரணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, கடைசி நிமிடத்தில் வாளிக்காக அவளைச் சுற்றி நின்று கெஞ்சினார்கள்.

"மிஸ் வெர்லீன், அவனுங்க பஸ்ல ஏறவே ஆரம்பிச்சுட்டானுங்க. இனிமே என்ன ஆயிடப் போவுது? எந்திரிங்கம்மா."

"கடியாரத்துல முட்டை விழட்டும் கண்ணு. அதுவரைக்கும் நான் மனுஷி இல்ல, பூட்டு."

மூடியில் வேறு யாருக்கும் இடம் கிடையாது. மேயர் ஒருமுறை புகைப்படத்துக்காகப் பக்கத்தில் உட்காரப் பார்த்தார். அவள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இது ஒருத்தர் உட்காரும் இடம், ஐயா நின்றால் இன்னும் உயரமாகத் தெரிவீர்கள் என்று சொல்லிவிட்டாள். மேயர் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இன்றைக்கும் முடிதிருத்தும் கடையில் தொங்குகிறது.

பீப்பாய்க்குச் சக்கரம் வைத்த ஒரு பலகை உண்டு. ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும், எந்த அணி முன்னால் இருக்கிறதோ அந்தப் பக்கம் அதை இழுத்துக்கொண்டு போவாள். புள்ளிக்கணக்கு மாறினால் மறுபடி மைதானத்தைச் சுற்றி எதிர்ப்பக்கம் போக வேண்டும். இழுபறியான ஆட்டங்களில் அவள் இழுத்து இழுத்து முதுகு உடைந்துபோகும். இரண்டு அணிப் பையன்களும் உடைமாற்றும் அறையின் சுரங்கவழியிலிருந்து ஓடிவரும்போது ராசிக்காக அந்த மூடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மைதானத்தில் கால் வைப்பார்கள். ஒவ்வொருவனுக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "இன்னும் ஊறல ராசா."

இப்படியே போய்ப் போய், கடைசியில் இந்த அரங்கத்தில் யாருமே கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது. கடிகாரத்தை வெர்லீன் பார்ப்பாள். மற்றவர்கள் வெர்லீனைப் பார்ப்பார்கள். அவள் எழுந்து மூடியைத் தூக்கினால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். வாத்தியக் கோஷ்டிக்காரர் கோலை உயர்த்துவதும் அதற்குப் பிறகுதான். வெளியூர் நடுவர்களுக்கு மட்டும் இந்தச் சங்கதி தெரியாது. தெரியாமல் போனதுதான் வினையாயிற்று.

இந்த வருடம் டிசம்பர் பிறந்ததும் ஊருக்கு முதல் அதிர்ச்சி வந்தது. வருவதாக இருந்த பெரிய கல்லூரி ஒன்று திடீரென்று கையை விரித்துவிட்டது. அவர்களுடைய நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் அடுத்த வருடம் தொழில்முறை அணிகளுக்குப் போகப்போகிறவர்களாம். ஊறுகாய்ப் போட்டியில் ஆடிக் காலை உடைத்துக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை. காலியான இடத்துக்கு, வேறு வழியில்லாமல், உள்ளூர் விக்கர்ஸ் ஸ்டேட் கல்லூரியைக் கூப்பிட்டார்கள். ஊர்க்காரர்கள் செய்தியைக் கேட்டு வாயைப் பிளந்து நின்றார்கள். பெட்ரோல் நிலையத்தில் ஒருவர் வண்டியில் குழாயைச் செருகியபடியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மகிழ்ச்சி அடங்கியபிறகுதான் இரண்டாவது அதிர்ச்சி ஒவ்வொருவருக்கும் உறைத்தது. விக்கர்ஸ் ஸ்டேட்டின் கோச் ஓடெல் மேப்ரி. ஊருக்கு அவர் கோச். வெர்லீனுக்கு வெறும் ஓடெல், முன்னாள் கணவன்.

அவர்கள் பிரிந்து வெகுகாலம் ஆகிறது. சண்டை சச்சரவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவளுடைய தகப்பனாரை அடக்கம் செய்த அன்று சவக்குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஜார்ஜியாவில் பந்தை நன்றாக உதைக்கும் ஒரு பையனைப் பற்றி அவன் போனில் விசாரித்துக்கொண்டிருந்தான். வெர்லீன் அன்றைக்கே அவனுடைய சட்டைகளை மடித்து வெளியே வைத்துவிட்டாள். அதற்கப்புறம் இருவரும் வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவும் இல்லை, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் இல்லை. கடையில் எதிரெதிரே வந்தால் ஓடெல் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு நாய் பிஸ்கட் இருக்கும் பக்கம் போய்விடுவான். அவனிடம் நாய் கிடையாது.

முப்பது வருடமாகக் கோச் வேலை பார்த்தும் ஒரு பவுல் போட்டியைக்கூட அவன் ஜெயித்ததில்லை. மூன்றுமுறை போனான், மூன்றுமுறையும் தோற்றான். இந்த ஆட்டத்தோடு ஓய்வு பெறப்போவதாக அறிவித்துவிட்டான். இதில் ஜெயித்தால் உண்டு, இல்லாவிட்டால் இனி எந்தக் காலத்திலும் இல்லை. ஊருக்கே இது தெரியும். ஜெயித்தால் அவன் தலையில் கவிழப்போவது முன்னாள் மனைவி கலக்கிய ஊறுகாய்த் தண்ணீர் என்பதும் தெரியும். வருடக்கணக்கான கோபத்தை அவள் ஒரே வாளியில் கரைத்துத் தரப்போகிறாள் என்று ஊர் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தது. கடைத்தெருவில் அவளைப் பார்த்தவர்கள் எல்லாம், எத்தனை பங்கு காரம், எத்தனை பங்கு வினிகர் என்று விசாரித்தார்கள்.

டார்லா என்று அவளுக்கு ஒரு தோழி. ஆலையில் மூடி இறுக்கும் பிரிவில் வேலை. போட்டியன்று வெள்ளரிக்காய் வேஷம் போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் குட்டிக்கரணம் அடிப்பதும் அவள்தான். அந்த வாரம் முழுக்க அவள் வெர்லீனைச் சும்மா விடவில்லை.

"ஏன்டி, மொளகாத்தூள் எத்தன டப்பா வேணும்? எங்க வீட்டுலயும் கொஞ்சம் இருக்கு, எடுத்துட்டு வரவா?"

"போடி. தண்ணி கலக்கறதுதான் என் வேலை. கீழ யாரு தலை இருந்தா எனக்கென்ன?"

போட்டியன்று காலையில் வேஷத்தின் ஜிப் மாட்டிக்கொண்டதால் உதவி கேட்டு உப்புநீர்ப் பிரிவுக்குள் நுழைந்த டார்லா, கதவருகிலேயே கல்லாய் நின்றுவிட்டாள். வெர்லீன் பச்சை வாளியில் வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தாள். வினிகர் ஒரு கரண்டி, அவ்வளவுதான். பெயருக்குக் கொஞ்சம் தழை, ஒரு பூண்டுப் பல். பிறகு அந்தத் தண்ணீரில் விரலை நனைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, தன் கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள். இமையைக் கொட்டிப் பார்த்தாள். இன்னும் ஒரு குவளைத் தண்ணீர் சேர்த்தாள்.

"என்னடி பண்ற?" என்று டார்லா கேட்டாள்.

"அவனுக்கு இப்பத்தான் கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கு" என்றாள் வெர்லீன், திரும்பாமலே. "நீ இத வெளிய சொன்ன, உன்னைத் தூக்கி ஜாடிக்குள்ள போட்டு மூடிருவேன்."

அன்று மதியம் அரங்கத்தில் எள் விழ இடமில்லை. விக்கர்ஸ் ஸ்டேட் பையன்கள் சுரங்கவழியிலிருந்து வந்து ஒவ்வொருவராக மூடியைத் தட்டினார்கள். "இன்னும் ஊறல ராசா, இன்னும் ஊறல" என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியாக ஓடெல் வந்தான். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தட்டாமல், பார்க்காமல், அவளைக் கடந்து போனான். வெர்லீன் கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டாள்.

எதிரணி ஓஹாயோவிலிருந்து வந்த லேக்ஃபீல்ட். நல்ல வளர்த்தி, நல்ல பயிற்சி. ஆட்டம் ஆரம்பித்ததும் உள்ளூர்ப் பையன்களை உருட்டி எடுத்தார்கள். பிறகு என்ன நடந்ததோ, பாதிக்குமேல் நம் பையன்களுக்கு வெறி வந்துவிட்டது. ஒவ்வொரு கெஜமாகத் தின்று முன்னேறினார்கள். கடைசிக் கட்டத்தில் இருபத்து நான்குக்கு இருபத்திரண்டு என்று முந்தியும்விட்டார்கள். வெர்லீன் எழுந்து பீப்பாயை உள்ளூர் அணியின் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தபோது ஜனங்கள் போட்ட கூச்சலில் மேல் வரிசைப் பலகைகள் அதிர்ந்தன. அவள் பீப்பாயை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மறுபடி ஏறி உட்கார்ந்தாள். ஓடெல் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், கோட்டோரமாக நின்றிருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கடைசி நொடிகளில் பந்து லேக்ஃபீல்ட்டின் கையில். டிமேரியஸ் என்ற தாட்டியான பையன், தன் பங்கு ஆட்டத்தை முடித்துவிட்டு வெளியே வந்தவன், இன்னும் இரண்டு பேரோடு பீப்பாயருகே வந்து நின்றுகொண்டான். மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெர்லீனின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லேக்ஃபீல்ட் பையன் பந்தைக் கையெட்டாத தூரத்துக்கு வீசினான். அதைப் பிடிக்க ஓடியவன் விரல்நுனியில் பட்டுப் பந்து புல்லில் விழுந்து உருண்டது. அரங்கம் வெடித்தது. பந்து தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். வெர்லீன் கடிகாரத்தைப் பார்த்தாள். அதில் ஒன்று என்று இருந்தது. ஒரே ஒரு நொடி.

அந்த ஒன்று பூஜ்யம் ஆகவேண்டும், அதற்கு இன்னும் ஒரு தடவை பந்தை எடுத்து ஆடியாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அந்தச் சமயத்தில் அவளுக்கு என்ன தோன்றியதோ, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து இடது பக்கம் திரும்பினாள். கோட்டோரத்தில் ஓடெல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்துவிட்டதா என்று எல்லோரும் அவளிடம் கேட்பது போலத்தான் அவனும் கேட்டான், கண்ணாலே. அவன் அவள் முகத்தைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

வெர்லீன் எழுந்துவிட்டாள்.

அப்புறம் யார் யாரை நிறுத்த முடியும்? டிமேரியஸ் மூடியைத் தூக்கி எறிந்தான். மூன்று பேரும் வாளியோடு ஓடினார்கள். வாத்தியம் முழங்கியது. டார்லா வெள்ளரிக்காயாகக் குட்டிக்கரணம் போட்டாள். வாளி ஓடெலின் தலையில் கவிழ்ந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு எரிச்சலுக்காகக் காத்திருந்தான். எரியவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்தான். உதட்டை நக்கிப் பார்த்தான். காதில் ஒரு தழை ஒட்டிக்கொண்டிருக்க, திகைத்துப்போய் அவளைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் அத்தனை பேரும் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள்.

விசில் ஒலித்தது. வெளியூர் நடுவர் இடுப்பிலிருந்து, குற்றம் நடந்ததைக் காட்டும் மஞ்சள் துணியை உருவி அவர்கள் காலடியில் வீசினார். பின்னாலேயே இன்னொரு துணி. ஒலிபெருக்கியில் அவருடைய குரல் கேட்டது. ஆட்டம் இன்னும் முடியவில்லை. கடிகாரத்தில் ஒரு நொடி மிச்சம் இருக்கிறது. ஆட்டம் முடிவதற்குள் மைதானத்தில் புகுந்து கூத்தடித்த குற்றத்துக்கு விக்கர்ஸ் ஸ்டேட்டுக்குப் பதினைந்து கெஜம் தண்டனை.

ஜனங்களுக்கு முதலில் புரியவே இல்லை. ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிலர் சிரித்தார்கள். வாத்தியக் கோஷ்டியில் ஒவ்வொரு கருவியாக ஓய்ந்தது. பெரிய மத்தளக்காரன் மட்டும் ஒன்றும் தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தான். பக்கத்திலிருந்தவன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். வெர்லீன் மூடியில்லாத பீப்பாயின் பக்கத்தில் நின்றாள். உள்ளங்கையில் பாதி உரித்த கடலை அப்படியே இருந்தது.

பதினைந்து கெஜம் முன்னால் வந்ததால் லேக்ஃபீல்ட்டுக்கு மைதானக் கோடியின் இரட்டைக் கம்பங்கள் உதைக்கும் தூரத்துக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு நடுவே பந்தை உதைத்துவிட்டால் மூன்று புள்ளி. அந்தப் பதினைந்து கெஜம் இல்லாவிட்டால் அவர்கள் உதைத்திருக்கவே முடியாது. ஒல்லியாக ஒரு பையன் ஓடிவந்து உதைத்தான். பந்து கம்பத்தில் படவும் இல்லை, காற்றில் தள்ளாடவும் இல்லை. இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவே போனது. இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. ஓடெல் மேப்ரியின் கடைசி ஆட்டம் அதோடு முடிந்தது.

அப்படி ஒரு அமைதியை அந்த ஊர் கண்டதில்லை. ஆலைக் குழாயில் நீராவி சீறுவதுகூடக் கேட்டது. ஒருவரும் அழவில்லை, ஒருவரும் திட்டவில்லை. பேய் அறைந்த மாதிரி நின்றார்கள். லேக்ஃபீல்ட் பையன்கள் தங்கள் கோச்சுக்காக ஓடிவந்து வாளியைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு பூண்டுப் பல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர்களும் என்ன செய்வது என்று தெரியாமல் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய கோச் கடைசிவரை காய்ந்த தலையோடுதான் கோப்பையை வாங்கினார்.

மெல்ல மெல்ல ஜனங்களுக்கு வாய் வந்தது. நடுவர் திருடன் என்றார்கள். கடிகாரத்தை ஓட்டுகிறவன் ஓஹாயோக்காரன் என்றார்கள். வெர்லீன் எழுந்தாள் என்றால் பூஜ்யம் ஆகிவிட்டது என்று அர்த்தம், அதை எப்படிப் பின்னால் திருப்பலாம் என்று கேட்டார்கள். இத்தனை வருடத்தில் அவள் ஒருநாளாவது முன்னதாக எழுந்திருக்கிறாளா? தொலைக்காட்சிப் பெண் ஒருத்தி ஒலிவாங்கியோடு ஓடிவந்தாள். பெரிய திரையில் வெர்லீனின் முகம் வந்தது. அரங்கம் மறுபடி அமைதியானது.

"பூஜ்யம் ஆனதைப் பாத்துட்டுத்தானேம்மா எந்திரிச்சீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். அத்தனை பேரும் அவள் பக்கம். பழி முழுவதும் அந்த வெளியூர் நடுவர் தலையில் விழுந்து, அவர் பாட்டுக்குத் தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். வெர்லீன் கையிலிருந்த கடலையைப் பைக்குள் போட்டாள்.

"இல்ல. ஒண்ணு நின்னுச்சு" என்றாள். "பாத்துட்டுத்தான் எந்திரிச்சேன்."

ஏன் என்று அந்தப் பெண் கேட்டதும் வெர்லீன் வெயில் கண்ணில் பட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேல் வரிசையில் யாரோ ஒருவர், அட கடவுளே என்று முனகியது கீழே வரைக்கும் கேட்டது. அவள் குனிந்து, புல்லில் கிடந்த மூடியை எடுத்துத் துடைத்து, காலிப் பீப்பாய்மேல் வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

ஜனங்கள் கலைந்தார்கள். சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் போல, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். டார்லா வெள்ளரிக்காய்த் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அழுது அழுது அவளுடைய பச்சைச் சாயம் கழுத்தில் வழிந்திருந்தது.

"வாடி, போலாம். உள்ளதான் ஒண்ணும் இல்லயே. எதுக்குடி இன்னும் காவல்?"

வெர்லீன் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பது எப்படி என்பதே மறந்துபோனது போல உட்கார்ந்திருந்தாள். பதினைந்து கெஜம், பதினைந்து கெஜம் என்று மனது ஒரே இடத்தில் சுற்றியது. முப்பது வருடம் அவன் தேடியதைத் தன் முழங்கால் ஒரு நொடியில் தட்டிப் பறித்துவிட்டதை அவளால் நம்பவே முடியவில்லை. பார்வை மட்டும் நின்றுபோன கடிகாரத்தின்மேல் இருந்தது.

எதிரணிக் கோச்சிடம் கை குலுக்கிவிட்டு, தன் பையன்கள் ஒவ்வொருவன் தலையையும் தொட்டுவிட்டு, ஓடெல் திரும்பி வந்தான். சுரங்கவழிக்குப் போகும் பாதை பீப்பாயை ஒட்டித்தான் போகிறது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. காதுத் தழையை அவன் இன்னும் எடுக்கவில்லை. வாளியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த டிமேரியஸ் ஓரடி பின்னால் போனான். டார்லா வெர்லீனின் தோளில் கை வைத்தாள். அவன் கத்துவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கத்தினால் தப்பில்லை என்றும் நினைத்தார்கள்.

ஓடெல் அவள் முன்னால் நின்றான். கையை மடக்கி, அவளுடைய தொடைக்குப் பக்கத்தில், மூடியை இரண்டு தட்டுத் தட்டினான்.

காலியான பீப்பாய் டொம் டொம் என்று ஒலித்தது. எப்போதும் தயாராக இருக்கும் பதிலுக்காக வெர்லீன் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து, இடுப்பை ஒரு பக்கமாக நகர்த்தி, மூடியில் பாதியை அவனுக்கு விட்டாள்.